பன்னிரண்டு இரவுக் கப்பலில் அந்தப் பதினோராம் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் போய்த் திரும்பும் கப்பலில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று முறை போய்வந்துவிட்டோம். அதிலிருந்து கோயிலில், கல்யாண வீட்டில், சாட்ஸ்வொர்த் கடைத்தெருவில், எங்கே போனாலும் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் என்ன வாங்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை, அதைச் சொல்லத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. திரும்பி வருகையில் நடுக்கடலில் சும்மா கழியும் நாட்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எங்கள் பயணம் பன்னிரண்டு இரவு. முதல் நாள் மாலை டர்பனில் ஏறினோம். ஐந்தாம் நாள் போர்ட் லூயி, எட்டாம் நாள் ரீயூனியன். ஒன்பதாம் நாள் மாலை ரீயூனியனை விட்டால் பதின்மூன்றாம் நாள் காலையில்தான் டர்பன். இடையில் மூன்று முழு நாள் வெறும் கடல். கீழே வரும் நாள் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

கடல்நாள்னா என்ன அக்கா? கப்பல் அன்னிக்கு எங்கேயும் நிக்காதா?

நிற்காது. காலையிலிருந்து ராத்திரிவரை ஓடிக்கொண்டே இருக்கும். இறங்க ஊர் கிடையாது, பிடிக்க பஸ் கிடையாது. சாப்பாடு, நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் கப்பலுக்குள்ளேயே.

டர்பனிலிருந்து போகும் கப்பல்களில் பாதிப்பேர் ஏறுவது மொசாம்பிக் பக்கம் மூன்று நான்கு இரவு போய்வரத்தான். அதில் கடல்நாள் ஒன்றோ இரண்டோ வரும், வந்ததே தெரியாது. மொரிஷியஸ் அப்படியில்லை. டர்பனுக்கும் போர்ட் லூயிக்கும் நடுவே சுமார் 1,550 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு பதினேழு பதினெட்டு கடல் மைல் ஓடுகிற கப்பலுக்குப் போக மூன்றரை நாளுக்கு மேல், திரும்பவும் ஏறக்குறைய அவ்வளவு.

மூணு நாள் தண்ணியையே பார்த்துட்டு இருந்தா பைத்தியம் பிடிக்காதா?

மூன்று நாளும் ஒரே மாதிரி இருக்காது. பத்தாம் நாள் எல்லாரும் ரீயூனியனில் வெயிலில் அலைந்த களைப்பில் தூங்குவார்கள். பன்னிரண்டாம் நாள் பெட்டி கட்டும் நாள். காலையிலிருந்தே தாழ்வாரத்தில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம், ரிசப்ஷனில் பில் பார்க்க வரிசை, கடையில் தள்ளுபடிக் கூட்டம். அது கடல்நாளே இல்லை, ரயில் நிலையம்.

நடுவில் இருக்கிற பதினோராம் நாள்தான் நான் சொல்லும் நாள். தூங்கி முடித்தாயிற்று, பெட்டியை இன்னும் தொடவில்லை. நிகழ்ச்சி நடத்துகிற பையன்களே பாதிப் பேர் சோர்ந்து கிடப்பார்கள். "கடைசி நாள் எப்படி இருக்கும்" என்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: கடைசி நாளை விட்டுத்தள்ளுங்கள், அதற்கு முந்தின நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாவுக்கும் சமையல் வகுப்புக்கும் அன்றைக்குப் பேர் கொடுக்காதீர்கள்.

அந்த நாள்ல நீங்க நிஜமா என்னதான் செஞ்சீங்க? ஒளிக்காம சொல்லுங்க.

ஒளிக்க ஒன்றுமில்லை. போன பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அதற்குக் காரணம் கடிகாரம், அடுத்த பதிலில் சொல்கிறேன். மேல் டெக்கில் ஒரு பையன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். வேறு ஒரு ஆள் இல்லை. நாற்காலிகளெல்லாம் மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தன. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. கப்பல் போவதே பின்பக்கம் நுரைக்கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். பறக்கும் மீன் ஒரு கூட்டம் முன்பக்கத்திலிருந்து கிளம்பிச் சிதறியது. முதல் தடவை அதைப் பறவை என்று நினைத்து வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிவந்து திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை எழுப்பவில்லை.

பத்து மணிவாக்கில் கீழே நடைபாதை டெக்கில் ஐந்து சுற்று. அங்கே தினமும் எதிரில் வந்த, டர்பன் பீனிக்ஸ் பகுதி ஆன்ட்டி ஒருவர் அன்று நின்று பேசினார். பத்து நாளாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர். பேசினால் அவருடைய ஆயா என் மாமியாரின் ஊர், மவுண்ட் எட்ஜ்கூம்ப் கரும்புத் தோட்டத்துப் பக்கம். அப்புறம் சாப்பாட்டு மணிவரை அங்கேயே நின்றுவிட்டோம். ஊர் பார்க்கிற நாளில் இப்படி நடக்காது, எல்லாரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மதியம் தூக்கம். மூன்று மணிக்குத் தேநீர், கப்பலில் போடுவதை நம் ஊரில் தேநீர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாலையில் லவுஞ்சில் நாலைந்து பேர் சீட்டு. பிறகு சூரியன் இறங்குவதைப் பார்க்க முன்பக்க டெக்கில் ஒரு கூட்டம் கூடியது. கடலில் முழுக்க மறையும் கடைசி நொடியில், காற்று தெளிவாக இருந்தால், மேல் விளிம்பு ஒரு கணம் பச்சையாகத் தெரியும் என்பார்கள். சூரியன் இறங்க இறங்க அதன் ஒளி காற்றில் நிறம் நிறமாகப் பிரிவதால் வருவது அது. கப்பலில் பாதிப்பேர் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். மூன்று பயணத்திலும் நான் பார்க்கவில்லை.

கடிகாரத்தை எத்தனை தடவை மாத்தணும்? எனக்கு இன்சுலின், அது என்ன ஆகும்?

மொரிஷியஸும் ரீயூனியனும் தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. போகும்போது இரண்டு இரவு ஒவ்வொரு மணி நேரம் பறிபோகும். திரும்பும்போது அதே இரண்டு மணியும் இரண்டு இரவில் திரும்பக் கிடைக்கும். எங்கள் கப்பலில் பத்தாம் நாள் இரவும் பதினோராம் நாள் இரவும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். அதனால்தான் ஐந்து மணிக்கு விழிப்பு, உடம்புக்கு அது ஆறு மணி. மாலையில் கேபினுக்குள் வைக்கும் நாள்தாளில் இந்த அறிவிப்பு இருக்கும். கைப்பேசி தானாக மாறும் என்று நம்பாதீர்கள், நடுக்கடலில் அதற்கு எந்த நேரம் என்றே தெரியாது. ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

மருந்து விஷயம்: நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு ஏது, அதனால் இதை எல்லாரும் கேட்கிறார்கள். நான் பிரஷர் மாத்திரைக்காரி. கையில் டர்பன் நேரத்திலேயே ஓடும் பழைய கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு பயணம் முழுக்க அதன்படியே விழுங்கினேன். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், புறப்படும் முன் உங்கள் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏன் என்பது பெட்டிக் கேள்வியில் வரும்.

கப்பல் இப்ப எந்த இடத்துல இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கப்பலில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மேலேயிருந்து அறிவிப்பு வந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், காற்று, கீழே கடலின் ஆழம், எல்லாம் சொன்னார்கள். மற்ற நாட்களில் யாரும் காது கொடுப்பதில்லை. பதினோராம் நாள் மட்டும் சாப்பாட்டு மேசையில் கரண்டிகள் நின்றன. காலுக்குக் கீழே பல ஆயிரம் மீட்டர் தண்ணீர் என்று காதில் விழுந்ததும் எதிரில் இருந்த தாத்தா கிண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேபின் டிவியிலும் ஒரு சேனலில் வரைபடம் ஓடும்.

ரீயூனியனை விட்ட மறுநாள் கப்பல் மகரரேகையைத் தாண்டும், அது தெற்கே சுமார் 23.4 பாகை. பூமத்தியரேகையைத் தாண்டினால் தலையில் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள் என்று கேட்டிருப்பீர்கள். நம் பயணத்தில் அது கிடையாது. டர்பன், மொரிஷியஸ், ரீயூனியன் மூன்றுமே பூமத்தியரேகைக்குத் தெற்கேதான்.

அப்ப மடகாஸ்கர் தெரியுமா? வரைபடத்துல பக்கத்துலதானே இருக்கு?

எங்களுக்குத் தெரியவில்லை. பதினோராம் நாள் காலையில் மடகாஸ்கரின் தென்முனைக்கும் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். வரைபடத்தில் விரல் அகலம், கடலில் பல மணி நேரம். தண்ணீருக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்து டெக்கில் நின்றாலும் அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் உயரமான மலை இருந்தால் உச்சி தெரியும், தட்டையான கரை தெரியாது. தொலைநோக்கி கொண்டுவந்த ஒருவர் காலை முழுவதும் வடக்கே பார்த்து ஒரு சரக்குக் கப்பலைக் கண்டுபிடித்தார். அதற்கே நாங்கள் எழுந்து போய்ப் பார்த்தோம்!

கடல் எண்ணெய் மாதிரி இருந்துச்சுங்கிறீங்க. எங்க மாமாவுக்கு மூணு நாளும் வாந்தி. யாரு சொல்றது நிஜம்?

ரெண்டும் நிஜம். நான் சொன்னது ஒரு பிப்ரவரியின் ஒரு நாள். முதல் பயணத்தில் இதே பதினோராம் நாள் மேசையில் தண்ணீர்க் குவளை நிற்கவில்லை. மடகாஸ்கர் பக்கம் இருந்து விலகிவிட்டால் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் தடுக்க நிலமே கிடையாது. அங்கே எங்கோ தூரத்தில் அடிக்கிற புயலின் அலை நீளநீளமாக இங்கே வந்துசேரும். காற்று அடிக்காது, வெயில் அடிக்கும், கப்பல் மட்டும் மெதுவாகத் தாழ்ந்து தாழ்ந்து எழும். சிலருக்கு அதுதான் குமட்டும்.

இடம் பிடிக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். ஊஞ்சலின் அச்சுப் பக்கம் ஆட்டம் குறைவு, அதே கணக்கு. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் மீன் செட்டை மாதிரி இரண்டு பக்கமும் துடுப்புகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை நிறுத்தாது. தலை சுற்றினால் கேபினுக்குள் படுத்துக் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிரப்பவும் செய்யாதீர்கள். காய்ந்த பிஸ்கட், இஞ்சி மிட்டாய், பச்சை ஆப்பிள் எனக்கு உதவின. மாத்திரை என்றால் குமட்டும் முன்பே போட வேண்டும், வந்தபின் போட்டால் அதுவும் வெளியே வரும்.

டர்பன் கிட்ட வரும்போதுதான் ரொம்ப ஆடும்னு சொல்றாங்களே, அது ஏன்?

இது கட்டுக்கதை இல்லை. நம் கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் என்று ஒன்று வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், கடலுக்குள் ஓடும் ஆறு மாதிரி. வேகமான இடத்தில் நொடிக்கு இரண்டு மீட்டர்வரை போகும். தென்மேற்கிலிருந்து குளிர்காற்று கிளம்பி இதற்கு எதிரே அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். நம் கப்பல் கடைசி இரவில் இந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டித்தான் கரைக்கு வரவேண்டும். அதனால் பன்னிரண்டாம் நாள் இரவு ஆட்டம் வந்தால் பயப்பட வேண்டாம், சில மணி நேரம்தான்.

இதைச் சொன்னதும் யாராவது "வாராட்டா" என்று ஆரம்பிப்பார்கள். 1909 ஜூலையில் டர்பனை விட்டு கேப்டவுனுக்குப் புறப்பட்டு 211 பேரோடு காணாமல்போன கப்பல் அது, இன்றுவரை கிடைக்கவில்லை. நான் திருப்பிச் சொல்வது ஓசியானோஸ். 1991 ஆகஸ்ட் 4 அன்று அதே கரையோரம் மூழ்கியது, கப்பலில் இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். இரண்டுமே டர்பனுக்குத் தெற்கே, குளிர்காலத்தில், நீரோட்டத்தின் வழியிலேயே நெடுக நடந்த பயணம். நாம் வருவது கோடையில், குறுக்கே.

சைக்ளோன் வந்தா என்ன பண்ணுவாங்க?

வழியை மாற்றுவார்கள், அல்லது ஊரையே விட்டுவிடுவார்கள். இந்தக் கடலில் சைக்ளோன் காலம் நவம்பர் முதல் ஏப்ரல்வரை. நம் கப்பல் காலமும் அதுவேதான், என்ன செய்வது. ரீயூனியனில் உள்ள பிரெஞ்சு வானிலை மையம்தான் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுக்கிறது, கப்பல்கள் நாட்கணக்கில் முன்னாலேயே ஒதுங்கிவிடும். உங்களுக்கு நஷ்டம் ஒரு துறைமுகம், லாபம் இன்னொரு கடல்நாள். முறையிட வரிசையில் நிற்பதில் பயனில்லை.

நாங்க சைவம். பத்து நாளுக்கு அப்புறம் என்ன சாப்பிடறது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் பதினோராம் நாள் நாக்கு வேலைநிறுத்தம் செய்யும். பஃபேயில் காய்கறி, சாதம், பருப்பு எல்லாம் உண்டு. "இந்தியக் கறி" என்று பலகை வைத்து ஒன்றைக் கொடுப்பார்கள், டர்பன் மசாலா தின்று வளர்ந்த நமக்கு அது குழந்தைச் சாப்பாடு. முதல் நாளே சாப்பாட்டு அறை மேலாளரிடம் சைவம் என்று சொல்லிவையுங்கள். பல கப்பல்களில் சமையற்கட்டில் இந்தியர்கள் இருப்பார்கள். எங்களுக்கு ஒருவர் பதினோராம் நாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் "சூப்பா" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டோம், பங்கு போட மனமில்லை.

வீட்டு ஊறுகாய் கொண்டுபோகலாமா என்றால், வீட்டில் செய்த சாப்பாட்டைப் பெரும்பாலும் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கிய, முத்திரை உடையாத சின்னப் பாட்டில் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பஃபேக்குள் போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பயணத்தின் கடைசியில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தளம் முழுக்கப் பரவும்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை வந்துச்சு. கேபின்ல விளக்கு ஏத்தலாமா?

கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவுமே. கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது, ஓடி இறங்க இடம் இல்லையே. கேபின் கூரையில் இருக்கும் புகைக் கருவி ஊதுபத்திக்கே அலறிவிடும். பேட்டரி விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். சின்ன முருகன் படம், கொஞ்சம் திருநீறு, பேட்டரி விளக்கு என்று நான் கண்ணாடி மேசையிலேயே முடித்துக்கொண்டேன். "பேட்டரியில் அருள் வருமா" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் வீட்டிலேயே விளக்கு ஏற்றாதவர், அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

குடிக்கிறது கடல் தண்ணியா?

கடல்நீரிலிருந்து எடுத்ததுதான் பெரும்பகுதி. காய்ச்சி ஆவியாக்கியோ, நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடித்தோ உப்பைப் பிரித்துவிடுகிறார்கள். குடிக்கலாம், உப்புக் கரிக்காது.

போன் வேலை செய்யுமா? பேத்திக்குத் தினமும் பேசணுமே.

கப்பலில் ஏறியதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் சிக்னல் கோடு தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது செயற்கைக்கோள் வழியாகக் கப்பலே கொடுக்கும் வலை. அதில் ஒரு அழைப்புக்கு ஆகிற காசில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். வைஃபை தனியாக விலைக்குக் கிடைக்கும், வாட்ஸ்அப் செய்திக்குப் போதும்.

நான் மூன்றாம் பயணத்தில் வைஃபை வாங்கவில்லை. "பத்திரமாக இருக்கிறோம், பதின்மூன்றாம் நாள் காலை பேசுகிறேன்" என்று ரீயூனியனிலேயே பேத்திக்குச் சொல்லிவிட்டேன். பதினோராம் நாள் அப்படி அமைதியாக இருந்ததற்குப் பாதிக் காரணம் கடல், மீதிப் பாதி இதுதான்.

ராத்திரி டெக்குல என்ன தெரியும்? ஒரே இருட்டுதானே?

இருட்டுத்தான், அதற்காகத்தான் போக வேண்டும். டர்பனில் தெருவிளக்கு பாதி வானத்தைத் தின்றுவிடுகிறது. கப்பலில் முன்பக்கமோ பின்பக்கமோ விளக்கு குறைந்த மூலையைத் தேடுங்கள், பத்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். பிப்ரவரியில் ஒன்பது மணிக்குத் தெற்கே நல்ல உயரத்தில் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம். அதுதான் அகத்தியர். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்துக்கு மேலே 24 பாகைதான் ஏறும். மடகாஸ்கருக்குத் தெற்கே 63 பாகைவரை ஏறுகிறது. தமிழ்ப் பள்ளியில் "தென்திசை முனிவர்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தெற்கு என்று அன்றுதான் கழுத்து வலிக்கத் தெரிந்துகொண்டேன்.

வடக்கே திரும்பினால் மிருகசீரிடமும் திருவாதிரையும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிமிர்ந்து நிற்கும், அவை சேர்ந்த ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவம் நமக்குத் தலைகீழ். தென்கிழக்கில் தென்சிலுவை ஒருக்களித்துப் படுத்தபடி எழுந்துகொண்டிருக்கும். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் ஓடுகிற வேகமே காற்றாக அடிக்கும்.

அது என்ன பறவை? கப்பலைத் துரத்திட்டே வந்துச்சே, நீளமா வெள்ளை வால்.

ரீயூனியனை விட்ட மாலையில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் அதைப் பய்-ஆன்-க்யூ என்கிறார்கள், வாலில் வைக்கோல் என்று பிரெஞ்சில் அர்த்தம். மொரிஷியஸ் விமானங்களின் வால்பகுதியில் சிவப்பாக வரைந்திருப்பதும் இதைத்தான். பதினோராம் நாள் அது இருக்காது. அன்றைக்கு இறக்கையே அசைக்காமல் அலைக்கு மேலே சறுக்கிப் போகிற பெரிய பறவை கண்ணில் பட்டால் ஆல்பட்ராஸாக இருக்கலாம். திமிங்கிலம் தேடாதீர்கள், நம் கரைக்கு அவை வருவது ஜூனிலிருந்து நவம்பர்வரை.

மொரிஷியஸ் ரூபாய் மிச்சம் இருக்கு. கப்பல்ல மாத்தலாமா?

சில்லறையை வாங்கவே மாட்டார்கள், நோட்டுக்கும் விலை மோசம். போர்ட் லூயியிலேயே செலவழித்துவிடுங்கள். ஒரே ஒரு நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்கு அங்குள்ள தமிழர்கள் கிளம்பியதில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். என் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் காட்டினால், இது நிஜப் பணமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்.

நம்ம தாத்தா பாட்டி வந்த வழியும் இதுதானா?

அவர்கள் கிளம்பிய இடம் வேறு, வந்து சேர்ந்த இடம் இதுவே. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது, 342 பேரோடு. ஒரு மாதத்துக்கும் மேலே. 1911வரை அப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும். மொரிஷியஸுக்கு அதற்கும் முன்னால், 1834 முதலே. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஏழாம் நாள் அங்கே நின்றுவிட்டு வந்ததால்தானோ என்னவோ, பதினோராம் நாள் இந்தப் பேச்சு எல்லா மேசையிலும் வந்தது.

பீனிக்ஸ் ஆன்ட்டி கேட்டார்: "அவங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்குமா, கடல் அசையாம, நாளைக்கோ மறுநாளோ கரைன்னு?" இருந்திருக்கும். ஆனால் நாம் போவது வீட்டுக்கு. அவர்களுக்குக் கரையில் என்ன காத்திருக்கிறது என்றே தெரியாது. அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெட்டியை எப்ப வெளியே வைக்கணும்?

பன்னிரண்டாம் நாள் இரவு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குள், கொடுத்த நிறச்சீட்டைக் கட்டிக் கேபின் வாசலில் வைக்க வேண்டும். விடிந்து துறைமுகக் கொட்டகையில்தான் மறுபடி கையில் கிடைக்கும். நடுவில் உங்களுக்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

முதல் பயணத்தில் என் வீட்டுக்காரர் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டார். காலையில் எழுந்தால் எனக்கு மாற்றுச் சேலை இல்லை, அவருக்குச் செருப்பு இல்லை. நான் நைட்டிமேல் சால்வை போர்த்திக்கொண்டும் அவர் கப்பல் குளியலறைச் செருப்போடும் குடியேற்ற அதிகாரி முன்னால் நின்றோம். ஒரு கைப்பையில் மறுநாள் உடை, செருப்பு, பல்துலக்கி, மாத்திரை, பாஸ்போர்ட் இவற்றை எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.

கஸ்டம்ஸ்ல என்ன பிடிப்பாங்க? ரீயூனியன்ல வெனிலா வாங்கியிருக்கேன்.

காய்ந்த வெனிலாவுக்கு எங்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆளுக்கு 5,000 ராண்ட் மதிப்புவரை வாங்கிய பொருளுக்கு வரி இல்லை. ஒயின் இரண்டு லிட்டர், மற்ற மது ஒரு லிட்டர், சிகரெட் 200 என்பது தனிக்கணக்கு. சிக்கல் வருவது பச்சைப் பொருளில்தான். செடி, விதை, பழம், தேன் எல்லாம் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது. மொரிஷியஸ் சொந்தக்காரர் ஆசையாகக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்றை நாட்கணக்கில் நனைந்த துணியில் சுற்றி வைத்திருந்து, கடைசியில் அதிகாரியிடம் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

கடைசிக் காலையில சீக்கிரம் எழுந்து டெக்குக்கு வரணுமா?

வாருங்கள். நாலரை மணிக்கு முதலில் வானத்தின் அடியில் மஞ்சளாக ஒரு கறை, அதுதான் டர்பன். பிறகு வடக்கே உம்லாங்கா கலங்கரை விளக்கம் வெட்டும், தெற்கே ப்ளஃப் குன்று கறுப்பாகத் தெரியும். நடுவில் மோசஸ் மபீடா மைதானத்தின் வளைவு. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் இங்கே கப்பலில் வந்து ஏறுவார், டர்பனில் ஹெலிகாப்டரிலிருந்து அவரை இறக்குவதும் உண்டு. இரண்டு தடுப்புச் சுவருக்கு நடுவே கப்பல் நுழையும்போது வடக்குச் சுவரை ஒருமுறை பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பெர்லா சீடில் கிப்சன் என்ற பாடகி வெள்ளை உடையில் நின்று படைக் கப்பல்களுக்குப் பாடி வரவேற்றதும் வழியனுப்பியதும் அங்கேதான். நம்மை வரவேற்க இரண்டு மீன்பிடிக்காரர்கள் இருந்தார்கள், அவர்களும் தூண்டிலை விட்டுத் தலை நிமிரவில்லை.

இறங்கின பிறகும் தரை ஆடுதே அக்கா, இது வியாதியா?

பலருக்கும் வரும். பன்னிரண்டு நாள் ஆட்டத்துக்குச் சரிக்கட்டிப் பழகின உடம்பு, ஆட்டம் நின்ற பிறகும் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் அதிகம் தெரியும், பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கார் ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் போய்விடும், வாரங்கள் ஆகியும் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். எனக்கு இரண்டாம் நாள் மாலை, அடுப்பில் பீன்ஸ் கறி கொதிக்கும்போது, நின்றுபோனது.